உப்பும் கடுக்காயும்

லண்டன் மாநகரில் பேஸ்வாட்டர் என்னும் பகுதியில் வில்லியம் ஒயிட்லி என்பவர் 1863-ஆம் ஆண்டில் ஒரு கடை வைத்தார். முதலில் ரிப்பனும் லேஸும் விற்ற சிறு கடைதான். சில வருஷங்களுக்குள் அக்கம்பக்கத்துக் கட்டடங்களை ஒவ்வொன்றாக வளைத்துப் போட்டு, துணி, நகை, காய்கறி, மேஜை நாற்காலி என்று விரித்துக்கொண்டே போனார். குடியிருக்க வீடு பார்த்துக் கொடுப்பார். கல்யாணத்துக்கு விருந்து ஏற்பாடு செய்வார். வீட்டில் யாராவது கண்ணை மூடிவிட்டால் அடக்கத்துக்கும் அவரே ஆள் அனுப்புவார். ஊசி முதல் யானை வரையில் எது கேட்டாலும் கிடைக்கும் என்பது அவருடைய பெருமை. ஒரு பாதிரியார் சோதித்துப் பார்க்க எண்ணி யானை வேண்டுமென்று எழுதிப் போட, உடனே ஒரு யானை அவர் வீட்டு வாசலில் வந்து நின்றதாகக் கதை உண்டு. யானையைக் கட்டித் தீனி போட்டது யார் என்பதைக் கதை சொல்லவில்லை.

அதே 1863-ஆம் வருஷத்தில் நம் சென்னைப் பட்டணத்தில் சார்லஸ் டூரண்ட் என்ற வெள்ளைக்காரர் ஒரு கடை ஆரம்பித்தார். பிறகு ஜே. டபிள்யூ. ஸ்பென்ஸர் என்பவர் அதில் சேர்ந்தார். ஸ்பென்ஸர் போய், யூஜின் ஓக்ஷாட் என்பவர் கைக்குக் கடை வந்தது. பெயர் மாத்திரம் ஸ்பென்ஸருடையதாகவே நிலைத்துவிட்டது. 1895-இல் மவுண்ட் ரோடில் எழும்பிய அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் எண்பதுக்கு மேற்பட்ட பிரிவுகள் இருந்தன என்பார்கள். சுருட்டும் சோடாவும் பிஸ்கோத்தும் மருந்தும் விற்ற அந்தக் கம்பெனி, ஹோட்டல்களையும் ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளையும் சேர்த்து நடத்தியது. சென்னைக்கு வந்து இறங்கும் துரை ஒருவர், வேறு கடை வாசலை மிதிக்காமலே தம் காலத்தை ஓட்டிவிட்டுக் கப்பலேறி ஊர் திரும்பலாம்.

இப்படி ஒரே கூரையின் கீழ் எல்லாச் சாமானையும் குவித்து வைக்கும் வியாபாரத்தைப் பற்றிப் பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலா 1883-இல் ஒரு நாவலே எழுதினார். பெரிய கடை வளர வளரத் தெருவிலுள்ள குடைக்காரனும் துணிக்காரனும் நொடித்துப் போவதுதான் அதில் கதை. பாரிஸ் நகரத்தில் அது கதையாகும். அங்கே தெரு நிறையக் கடைகள் இருந்தன. அவை நொடித்துப் போக வேண்டியிருந்தது. வேறு கடையே இல்லாத ஓர் இடத்தில், எல்லாம் விற்கும் ஒரே ஒரு கடை இருந்தால் என்ன ஆகும்? அதை எழுத ஸோலா ஜவ்வாது மலைக்கல்லவா வந்திருக்க வேண்டும்?

பழைய வட ஆற்காடு ஜில்லாவின் நடுவே, வாணியம்பாடிக்கும் திருப்பத்தூருக்கும் செங்கத்துக்கும் போளூருக்கும் இடையில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பெருங்கிளையாகப் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. சவ்வாது மலை என்றும் எழுதுவார்கள். 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் உண்டு. செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. ஜில்லாக்களைப் பிரித்துப் பிரித்து இன்றைக்கு மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்ற மூன்று மாவட்டங்களுக்குச் சொந்தமாகி நிற்கிறது. ஜமுனாமரத்தூர் ஒரு மாவட்டம், புதூர்நாடு வேறொரு மாவட்டம், பீஞ்சமந்தை மற்றொரு மாவட்டம். மலைக்கு மட்டும் அந்த விவரம் தெரியாது.

இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிகள். கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்பவர்கள். அவர்களுடைய பூர்வ கதை ஒன்றை வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்துப் போயிருக்கிறார்கள். காஞ்சீபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டார்களாம். வேளாளர்கள் இகழ்ச்சியாக மறுத்துவிடவே, வேடர்கள் ஏழு கன்னிப் பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை மீட்க ஏழு வேளாளர்கள் ஏழு நாய்களுடன் புறப்பட்டார்கள். 'நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் மாண்டோம் என்று காரியம் செய்துவிடுங்கள்' என்று மனைவிமாரிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் நீந்திக் கடந்தார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி ஊர் வந்து சேர்ந்தன. வேடர்களைக் கொன்றுவிட்டு வெற்றியுடன் வீடு திரும்பியவர்கள் கண்டது, தாலியறுத்த தங்கள் மனைவியரை. செத்தவர்களுக்கு ஊரில் இடம் ஏது? அவர்கள் வேடர் குலத்துப் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறினார்களாம்.

சரித்திரமோ கற்பனையோ, கதை ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்கிறது. மலையில் இருப்பவர்கள் காட்டிலே முளைத்தவர்கள் அல்ல. கீழ்நாட்டு வாழ்வை அறிந்தவர்கள். ஏர் உழுதவர்கள். உப்பிட்டுச் சமைத்து உண்டவர்கள். நூலாடை உடுத்தவர்கள். மலையில் சாமை விளையும், கேழ்வரகு விளையும். பலாவும் தேனும் புளியும் உண்டு. உப்பு இல்லை. இரும்பு இல்லை. துணி இல்லை. இந்த மூன்றுக்கும் கீழே பார்த்தாக வேண்டும்.

உப்பு எப்பொழுதுமே சர்க்கார் கண் வைத்த சரக்கு. 1805-இல் கும்பினியார் சென்னை ராஜதானியின் உப்பு வியாபாரம் முழுவதையும் தங்கள் ஏகபோகமாக்கிக் கொண்டார்கள். வரி ஏறிய உப்பு மூட்டை கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வருவதற்குள் இன்னும் கனத்துவிடும். அங்கிருந்து கழுதையின் முதுகிலோ மனிதன் தலையிலோ மலை ஏற வேண்டும். ஏற்றிக்கொண்டு வருகிறவன்தான் நம் கதாநாயகன்.

அவர் செட்டியாராக இருப்பார், சாயபுவாக இருப்பார், நாயுடுவாகவும் இருப்பார். ஜாதி எதுவானால் என்ன, தொழில் ஒன்றுதான். உப்பு, மிளகாய், கருவாடு, புகையிலை, வேட்டி சேலை, கத்தி கடப்பாறை, கண்ணாடி வளையல் எல்லாம் அவரிடம் உண்டு. இறங்கும்போது சும்மா இறங்கமாட்டார். புளி, கடுக்காய், தேன், சீயக்காய், துடைப்பப்புல், சாமை, பலாப்பழம் எல்லாவற்றையும் அவரே வாங்கிக்கொண்டு போவார். ஆடி ஆவணியில் வீட்டில் தானியம் தீர்ந்து போனால் கடன் கொடுப்பார். கல்யாணத்துக்குப் பணம், கருமாதிக்குப் பணம், ஜுரத்துக்கு ஒரு மாத்திரை, தாலுகா கச்சேரியிலிருந்து வந்த காகிதத்தைப் படித்துச் சொல்ல ஒரு கண் - எல்லாம் அவரே. ஒயிட்லியும் ஸ்பென்ஸரும் இவரிடம் பாடம் கேட்கலாம். அவர்கள் விற்றார்கள், இவர் விற்றார், வாங்கினார், கடனும் கொடுத்தார்.

"என்ன கவுண்டரே, மகளுக்கு எப்போ கல்யாணம்? பணத்துக்கு யோசிக்காதீங்க, நான் இல்லையா?" என்று அவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும்போது, அந்தக் குரலில் பாசாங்கு இல்லை. அவர் உண்மையாகவே கொடுப்பார். இரவு 12 மணிக்குப் போய் எழுப்பினாலும் கொடுப்பார். ஜாமீன் கேட்கமாட்டார், பத்திரம் கேட்கமாட்டார், கைரேகைகூடப் பல சமயம் கேட்கமாட்டார். இன்னொரு புண்ணியமும் உண்டு: வட்டி வாங்கமாட்டார்!

வட்டி இல்லாத கடனா என்று வாசகர்கள் வியக்க வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அணா பைசாக் காலத்துக் கணக்காகவே இருக்கட்டும். ஆவணி மாதத்தில் ஒரு குடும்பம் 10 ரூபாய்க்கு உப்பும் துணியும் தானியமும் கடனாக வாங்குகிறது. அந்தச் சாமான் திருப்பத்தூரில் 8 ரூபாய்தான் பெறும்; மலை ஏறிய கூலியும் லாபமும் சேர்ந்து 10 ஆயிற்று. அதில் தவறு சொல்வதற்கில்லை. மாசி பங்குனியில் புளி உலுக்கும்போது கடனைப் புளியாகத் தீர்க்க வேண்டும் என்பது பேச்சு. கீழே தூக்கு 1 ரூபாய் விற்கும் புளியை இவர் 12 அணா என்று எடுத்துக்கொள்கிறார். 10 ரூபாய்க் கடனுக்கு 13 தூக்குக்கு மேல் புளி இறங்குகிறது. அதாவது, ஆவணியில் போட்ட 8 ரூபாய் முதல், பங்குனியில் 13 ரூபாயைத் தாண்டித் திரும்பி வருகிறது. வட்டி என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவே இல்லை. தராசு இரண்டு பக்கமும் நேராக நின்றால்தான் இந்தக் கணக்கு. அது எப்பொழுதும் நேராக நின்றது என்று நான் சாதிக்கப் போவதில்லை.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. விற்கிறவன் ஒருவன், வாங்குகிறவன் ஒருவன், கடன் கொடுப்பவன் ஒருவன் என்று மூன்று பேர் இருந்தால், ஒருவனிடம் ஏமாந்தாலும் மற்றவனிடம் தப்பலாம். மூவரும் ஒருவரே என்றால் எந்த இடத்தில் நஷ்டம் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ராஜாஜி மந்திரிசபை 1938-இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கீழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் வட்டியைக் குறைத்தது. மலையில் அந்தச் சட்டம் எதைக் குறைக்கும்? வட்டியே எழுதாத நோட்டுப் புத்தகத்தில் கழிப்பதற்கு என்ன இருக்கிறது?

சர்க்காரும் தன் பங்குக்கு இந்த வியாபாரியின் கையைப் பலப்படுத்தியது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடுகள் ரிசர்வு காடுகள் ஆயின. அதுவரை மலைக்காரன் தன் வீட்டுக் கொல்லையைப் போல நினைத்திருந்த இடம், ஒரு நாள் காலையில் கவர்ன்மெண்டு சொத்தாகிவிட்டது. சில்லறை வன மகசூல் என்று சொல்லப்பட்ட புளி, தேன், கடுக்காய் முதலானவற்றைச் சேகரிக்கும் உரிமையை ஏலம் போட்டுக் குத்தகைக்கு விட்டார்கள். ஏலத்தில் யார் எடுப்பார்கள்? பணம் உள்ளவர்தான் எடுப்பார். பணம் யாரிடம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அதுவரையில், 'செட்டியார் விலை கட்டாது' என்று கடுக்காயை மூட்டை கட்டிக் கீழே சந்தைக்குச் சுமந்து போகவாவது ஒரு வழி இருந்தது. குத்தகை வந்த பிறகு அப்படிப் போனால் திருட்டு! பொறுக்கிய கூலிதான் மலைக்காரனுக்கு, கடுக்காய் குத்தகைதாரருக்கு.

கடுக்காயைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சித்த வைத்தியர் கையில் அது திரிபலையில் ஒன்று. ஆனால் மூட்டை மூட்டையாக அது போனது வைத்தியரிடம் அல்ல. மலைக்கு வடக்கே பாலாற்றங்கரையில் வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கின்றன, இன்னும் கிழக்கே ராணிப்பேட்டை. தோல் பதனிடும் ஊர்கள். ஆவாரம்பட்டையில் ஊறிய தோலுக்குக் கடைசியில் கடுக்காய் நீர் காட்டினால் மஞ்சள் நிறமும் மென்மையும் வரும். அந்தத் தோல் கப்பலேறி லண்டன் சந்தையில் விலை போயிற்று. இங்கே ஒரு கிழவி காட்டில் குனிந்து பொறுக்கும் காய்க்கு, தேம்ஸ் நதிக் கரையில் விலை தீர்மானமாயிற்று என்றால் மிகையல்ல. பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. குரோம் உப்பில் பதனிடும் முறை வந்தது. கடுக்காயின் மவுசு குறைந்தது. ஏன் குறைந்தது என்று கிழவிக்கு யாரும் சொல்லவில்லை. 'இந்த வருஷம் விலை இறங்கிப் போச்சு' என்று வியாபாரி சொன்னது மட்டும் காதில் விழுந்திருக்கும். அவர் சொன்னது அந்தத் தடவை உண்மைதான். ஆனால் உண்மையையும் பொய்யையும் ஒரே வாயிலிருந்து கேட்கிறவர்கள் எப்படிப் பிரித்து அறிவது?

இவரை எதிர்த்து நிற்க ஓர் ஆயுதம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதன் பெயர் கூட்டுறவு.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், 28 பேர் சேர்ந்து 28 பவுன் முதல் போட்டு ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவத்தி - இவ்வளவே சரக்கு. ஜெர்மனியில் ராய்பைசன் என்பவர் கிராமத்தாருக்குக் கடன் சங்கங்களை ஏற்படுத்தினார். சென்னை ராஜதானியில் கலெக்டராயிருந்த பிரடரிக் நிக்கல்சன் என்பவரை, அந்த முறைகளையெல்லாம் நேரில் கண்டு எழுதும்படி சர்க்கார் அனுப்பியது. 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். நம் நாட்டுக்கு ஒரு ராய்பைசனைத் தேடிப் பிடியுங்கள் என்பதே அவர் முடிவின் சாரம். 1904-இல் இந்தியா முழுமைக்கும் சட்டம் வந்தது. முதன்முதல் பதிவான சங்கம் அப்பொழுது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் உண்டாயிற்று. அதே வருஷம் திருவல்லிக்கேணியில் மத்தியதர வகுப்பார் கூடி, ராச்டேல் மாதிரியில் ஒரு பண்டகசாலை தொடங்கினார்கள். டி.யு.சி.எஸ். என்ற பெயரில் சென்னையில் எத்தனை தலைமுறை அரிசி பருப்பு வாங்கியது என்பதை வாசகர்களில் பலர் அறிவார்கள்.

ஆனால் 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. கடன் கொடுக்கும் சங்கங்களுக்கு மாத்திரமே அதில் இடம். 1912-இல் வேறு சட்டம் செய்து அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். அவிழ்த்தும் என்ன? பழக்கம் போகவில்லை. ஐக்கிய நாணய சங்கம் என்றால் கடன், கெடு, ஜப்தி என்றே நாடு நெடுகிலும் ஆகிவிட்டது. இதுதான் விபரீதம். ராய்பைசன் சங்கங்கள் ஜெர்மனியில் கடனோடு நிற்கவில்லை. விதையும் உரமும் மொத்தமாக வாங்கி உறுப்பினருக்குக் கொடுத்தன. விளைந்ததை விற்றும் கொடுத்தன. நம்மவர்கள் அவருடைய ஒரு கையை மட்டும் இறக்குமதி செய்தார்கள்.

ஒரு கையுள்ள சங்கம், மூன்று கையுள்ள வியாபாரியோடு எப்படி மல்லுக்கு நிற்கும்? சங்கம் பயிருக்குக் கடன் கொடுக்கும், கல்யாணத்துக்குக் கொடாது. உப்பு விற்காது. புளியை வாங்காது. சங்கத்துக் கடனை அடைக்க வியாபாரியிடம் போக வேண்டும். அவர் சந்தோஷமாகக் கொடுப்பார். ரிசர்வ் பாங்கு விவசாயக் கடன் இலாகா இதைக் கண்டுகொண்டு, 1937-லேயே பலநோக்குச் சங்கங்கள் வேண்டுமென்று சொல்லிற்று. அதற்குப் பதினேழு வருஷத்துக்குப் பிறகு, 1954-இல், கோர்வாலா கமிட்டியின் கிராமக் கடன் அறிக்கை வெளிவந்தது. 1951-52-இல் இந்திய விவசாயி வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 3.1. லேவாதேவிக்காரர்கள் கொடுத்தது சுமார் 70. ஐம்பது வருஷ உழைப்புக்குப் பிறகு மூன்றே கால்கூட இல்லை! விற்பனையோடு கடனை இணையுங்கள் என்று கமிட்டி ஓங்கிச் சொன்னது. அதாவது, மலையடிவாரத்துச் செட்டியாருக்கு எழுத்தறிவில்லாத பாட்டன் காலத்திலேயே தெரிந்திருந்த விஷயத்தை.

மலைவாழ் மக்களுக்காக இந்த வழியில் முதலில் துணிந்து இறங்கியது ஆந்திரம். 1956-இல் விசாகப்பட்டணத்தைத் தலைமையாகக் கொண்டு கிரிஜனக் கூட்டுறவுக் கார்ப்பரேஷன் உண்டாயிற்று. காட்டு விளைவை வாங்குவது, அரிசி உப்பு விற்பது, கடன் கொடுப்பது என்று மூன்று கையும் அதற்கு முளைத்தது. பிற்காலத்தில் தேன், சோப்பு, அரக்குக் காப்பி என்று கடைத்தெருவுக்கே வந்துவிட்டது. 1971-இல் பாவா என்பவர் தலைமையில் இந்திய சர்க்கார் அமைத்த குழு, ஆதிவாசிப் பிரதேசங்களிலெல்லாம் பெரிய அளவில் பலநோக்குச் சங்கங்கள் வேண்டும் என்று எழுதியது. சிறு சிறு சங்கங்கள் பத்து வேண்டாம். ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒன்று போதும். அது கடன் கொடுக்கட்டும், விதை கொடுக்கட்டும், ரேஷன் கொடுக்கட்டும், காட்டு விளைவை வாங்கட்டும். சாப்பாட்டுக்கும் சடங்குக்கும்கூடக் கடன் கொடுக்கட்டும். இந்தக் கடைசி வார்த்தையை எழுதியவருக்கு மலை தெரிந்திருக்கிறது.

ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'லாம்ப்' என்று வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 20 சங்கங்கள் ஏற்பட்டன. கொல்லிமலை, ஏற்காடு, கல்வராயன் போலவே ஜவ்வாது மலையிலும் லாம்ப் சொசைட்டி வந்தது. குத்தகைதாரர் இருந்த இடத்தில், வன மகசூலைச் சேகரிக்கும் உரிமை சங்கத்துக்கு என்று ஆயிற்று. காகிதத்தில் பார்த்தால் இது ஒரு சிறு புரட்சி. மலைக்காரரே உறுப்பினர், மலைக்காரரே கடைக்கு எஜமானர், அவர் புளிக்கு அவரே விலை வைக்கலாம்.

தராசு கை மாறிற்று. எந்தக் கைக்கு மாறிற்று என்பதுதான் கேள்வி. சங்கத்தின் கணக்கும் சாவியும் கீழிருந்து வந்த உத்தியோகஸ்தரிடம் இருந்தன. நல்லவர் வந்த வருஷம் நன்றாக நடக்கும். அவருக்கு மாற்றல் வந்துவிடும். நேர்மைக் குறைவு கிடக்கட்டும். நேர்மையான சங்கத்துக்கும் ஒரு சங்கடம் உண்டு. அதற்கு ஆபீஸ் நேரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை உண்டு. புளியை எடை போட்டுவிட்டு, 'பில் பாஸாகி வரட்டும்' என்று சொல்லும். பிள்ளைக்கு ஜுரம் கொதிக்கிறபோது பில் பாஸாகும் வரையில் யார் காத்திருப்பார்கள்? வியாபாரியின் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவர் இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் இன்றைக்கே கொடுப்பார். நியாயமான விலை நாளைக்கு, அநியாய விலை இப்பொழுதே என்றால், பசித்தவன் எதை எடுப்பான் என்பதற்குப் பொருளாதாரப் புத்தகம் படிக்க வேண்டியதில்லை. வியாபாரியைத் திட்டுவது சுலபம். மலேரியாவுக்குப் பயந்து உத்தியோகஸ்தர்கள் மலை ஏற மறுத்த காலத்தில் உப்பு மூட்டையோடு ஏறியவர் அவர். அவரை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறவர், அவர் செய்த காரியம் அத்தனையும் செய்தாக வேண்டும். நடு இரவில் கதவு திறப்பது உட்பட.

இடையே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இதே மலையில் காவலூரில் வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1977-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான அடையாளங்களை அங்கிருந்த விஞ்ஞானிகள் கண்டார்கள். 1986-இல் 93 அங்குல டெலஸ்கோப் ஒன்றும் நிறுவப்பட்டது. கோடானுகோடி மைல் தூரத்தில் நடப்பதைத் துல்லியமாக அளக்கும் கருவி. அந்த மலையின் சந்தைகளில் அப்பொழுதும் படிக்கும் மரக்காலுக்கும் தகராறு ஓய்ந்தபாடில்லை.

சந்தனத்தைச் சொல்லாமல் இந்த மலையின் வியாபாரக் கதை முடியாது. ஜவ்வாது மலை தமிழ்நாட்டின் சந்தனக் காடுகளில் முக்கியமானது. திருப்பத்தூர் சர்க்கார் சந்தனக் கிடங்கில் நடக்கும் ஏலத்துக்கு வெளி மாகாணங்களிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். அந்தக் காலத்தில் மரம் பட்டா நிலத்திலேயே நின்றாலும் சர்க்கார் மரமாகத்தான் இருந்தது. நட்டவனுக்கும் காத்தவனுக்கும் அது வெறும் நிழலாக இருந்தது. ஆகவே, சட்டத்துக்கு வெளியே ஒரு வியாபாரம் முளைத்தது. அதற்கும் முன்பணம் கொடுக்கிற ஒருவர் இருந்தார். கோடாலி தருவார், வழிச்செலவு தருவார், பிடிபட்டால் வக்கீல் அமர்த்துவதாகவும் வாக்குக் கொடுப்பார். பழைய வியாபாரியின் சேவைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. மலைச் சந்தனம் வெட்டித் தீர்ந்த பிறகு, மரம் வெட்டத் தெரிந்த அந்தக் கைகளை ஆந்திரத்துச் செம்மரக் காடுகளுக்கு ஏஜெண்டுகள் அழைத்துப் போனார்கள். 2015-ஆம் வருஷம் ஏப்ரல் 7-ஆம் தேதி திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். ஏன் போனார்கள் என்று பட்டணத்தில் பலர் கேட்டார்கள். ஆடி ஆவணியில் முன்பணம் கொடுத்தது யார் என்று கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

2006-இல் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. சில்லறை வன மகசூல் அதைச் சேகரிக்கிற மக்களுக்கே சொந்தம் என்று அதில் இருக்கிறது. 1882-இல் ஒரு காலையில் போன சொத்து, 124 வருஷம் கழித்து இன்னொரு காலையில் காகித மூலமாகத் திரும்பி வந்திருக்கிறது. 2002-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத் திருத்தத்தின்படி, உற்பத்தி செய்கிறவர்களே பங்குதாரர்களாகக் கம்பெனி நடத்தலாம். ஜவ்வாது மலையிலும் பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்று தோன்றியிருக்கிறது. சாமை, தேன், புளி என்று தங்கள் சரக்கைத் தாங்களே பொட்டலம் கட்டி விற்கிறார்கள். கம்பெனி என்ற சொல்லைக் கேட்டு மலை ஏறி வந்தவர்கள் கும்பினிக் காலத்தில் வேறு மாதிரி. இது அவர்கள் சொந்தக் கம்பெனி. எத்தனை நாள் நிலைக்கும் என்று ஜோசியம் சொல்ல நான் துணியவில்லை. ஆடி மாதத்தில் அங்கே கைமாற்றுக் கிடைக்குமா என்பதைப் பொறுத்திருக்கிறது.

சாமை விஷயத்தில் மட்டும் ஒரு மாறுதல் கண்ணுக்குத் தெரிகிறது. சாமையைத் தோல் நீக்கி அரிசியாக்குவது சாமானிய வேலை அல்ல. உரலில் குத்திக் குத்திப் பெண்களின் தோள் இற்றுப் போகும். அதனாலேயே விளைந்த சாமையைக் குத்தாமல் அப்படியே மூட்டையாக வியாபாரிக்குப் போட்டுவிட்டு, அரிசி வாங்கிச் சாப்பிட்டார்கள். கீழே மில்லில் அரைபட்டுச் சாமையரிசி பட்டணத்துக்கு மூன்று பங்கு விலையில் போகும். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு விலை இன்னும் ஏறிற்று. இப்பொழுது தோல் நீக்கும் சிறு இயந்திரங்கள் மலைக்கே வந்திருக்கின்றன. மூட்டையைக் கொண்டு போய்க் கொட்டினால், அரிசியும் உமியும் தனித்தனியாக வருகின்றன. அரிசியில் ஒரு பாகம் விற்பனைக்குப் போகிறது. மீதியை முறத்தில் வாரிக்கொண்டு, உமியை மாட்டுக்கென்று தனியே மூட்டை கட்டிக்கொண்டு, பெண்கள் வீட்டுக்கு நடக்கிறார்கள்.